வாய்விட்டுக் கேட்காத மாணவர்களுக்காக

கல்லூரி விதியில் சிக்கும் மாணவர்கள் இரண்டு வகை. வருகைப் பதிவு 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கித் தேர்வு எழுதத் தடை வந்தால், முதல் வகையினர் மறுநாளே மருத்துவச் சான்றிதழோடும் மேல்முறையீட்டுக் கடிதத்தோடும் எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிடுவார்கள். கடிதம் முறையாக எழுதப்பட்டிருக்கும். அதற்குள் அப்பா துறைத் தலைவரிடம் ஒரு வார்த்தை பேசியும் இருப்பார். இரண்டாம் வகையினர் அறிவிப்புப் பலகையில் தங்கள் எண்ணைப் பார்ப்பார்கள், கொஞ்ச நேரம் நிற்பார்கள், போய்விடுவார்கள். அடுத்த பருவத்தில் அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது.

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் கல்லூரியின் மாணவர் உதவிப் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். அதற்கு முன்பு கணக்கியல் கற்பித்தேன். இந்த வேலை எதற்காக என்று எனக்குப் பிடிபட்டது அந்த இரண்டாம் வகையினரைத் தேடிப் போகத் தொடங்கிய பிறகுதான். கேட்கத் தெரிந்தவருக்கு மட்டும் கிடைக்கிற உதவி, எவ்வளவு நல்ல மனத்தோடு கொடுத்தாலும், ஏற்கெனவே வசதியாக இருப்பவருக்கே இன்னும் கொஞ்சம் வசதி சேர்க்கிறது. ஆகவே, உதவி எல்லாருக்கும் உண்டு என்று பலகை மாட்டிவிட்டு உட்கார்ந்திருப்பதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அவர்கள் ஏன் கேட்பதில்லை? சோம்பல் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பேச்சு கொஞ்சமும் பிடிக்காது. நம் பிள்ளைகள் பலரின் பாதையைப் பாருங்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள். சிலருக்கு மலாய்மொழிக்குத் தயார்ப்படுத்தும் புகுமுக வகுப்பில் ஓர் ஆண்டு. பிறகு இடைநிலைப்பள்ளியில் ஐந்து ஆண்டுகள் பெரும்பாலான பாடங்கள் மலாய்மொழியில். இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்துக் கல்லூரிக்கு வந்தால் எல்லாமே ஆங்கிலம். மூன்றாவது மொழியில் ஓர் அதிகாரியிடம் போய், "உங்கள் முடிவை மறுபரிசீலனை செய்யுங்கள்" என்று சொல்ல வேண்டும். அதுவும் வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவர் இவராக இருக்கும்போது! தாத்தா தோட்ட ஆபீஸ் வாசலில் கைகட்டி நின்றவர். அப்பா தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் சொன்னதற்கு மறுபேச்சுப் பேசாதவர். ஆபீஸில் எதிர்த்துக் கேட்காமல் இருப்பதுதான் நல்ல பிள்ளைக்கு அடையாளம் என்று வளர்ந்த பிள்ளை, கல்லூரியில் அந்த நல்ல குணத்துக்காகவே தோற்றுப்போகிறது. கெடா மாநிலக் கிராமத்திலிருந்து வரும் மலாய் மாணவரிடமும், பாலேக் பூலாவில் பெற்றோர் அங்காடிக் கடை வைத்திருக்கும் சீன மாணவியிடமும் இதே மௌனத்தைப் பார்த்திருக்கிறேன்.

வருகைப் பதிவு விவகாரத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எங்களுக்கு முதலில் கண் திறந்தது அங்கேதான்.

நிபோங் திபாலுக்கு அப்பால் ஒரு தோட்டத்திலிருந்து வந்துகொண்டிருந்தாள் ஒரு மாணவி. விடியற்காலையில் அண்ணன் மோட்டார் சைக்கிளில் நிபோங் திபால் ரயில் நிலையம். அங்கிருந்து கொமுட்டர் ரயிலில் பட்டர்வொர்த். பெர்ரியில் கடலைக் கடந்து ஜெட்டி. பிறகு ரேபிட் பினாங்கு பஸ். இந்த நான்கில் ஒன்று தாமதித்தால் மற்ற மூன்றும் சரியும். எட்டு மணி விரிவுரைக்கு எட்டு இருபதுக்கு உள்ளே வருவாள். வருகையைப் பதியும் கியூஆர் குறியீடு திரையில் முதல் பத்து நிமிடம் மட்டும் தெரியும். ஆகவே அவள் வகுப்பில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, குறிப்பெடுத்து, கேள்விக்குப் பதிலும் சொல்லியிருப்பாள். பதிவேட்டின்படி அன்று அவள் வரவில்லை. குறியீட்டைப் பதிந்துவிட்டுப் பின்வாசல் வழியாக காப்பிக் கடைக்குப் போனவருக்கு முழு வருகை.

அவளுடைய குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தேன். தேதி போட்டு, விரிவுரையின் நடுவிலிருந்து தொடங்கும் குறிப்புகள். ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் நாலைந்து வரி இடம் விட்டிருந்தாள், தோழியிடம் கேட்டுப் பின்னால் நிரப்பிக்கொள்வதற்காக. அந்தக் குறிப்பேட்டைத்தான் கல்விக் குழுக் கூட்டத்துக்கு எடுத்துப் போனேன். விதியைத் தளர்த்தக் கேட்கவில்லை. குறியீட்டை வகுப்பின் இறுதியிலும் ஒருமுறை காட்டுங்கள், தாமதத்தைத் தனியாகக் கணக்கிடுங்கள் என்று கேட்டேன். ஒப்புக்கொண்டார்கள். அந்த ஒரு மாற்றத்திலேயே தடைப் பட்டியல் கண்கூடாகச் சுருங்கியது.

அடுத்தது கால அட்டவணை. பயிற்சி வகுப்புக் குழுக்களை மாணவர்கள் இணையத்தில் தாங்களே தேர்ந்தெடுக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் திறக்கிறது, யார் முந்துகிறாரோ அவருக்கு. கேட்பதற்கு இது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வேகமான இணையமும் விவரம் சொல்லித் தர ஒரு சீனியரும் உள்ளவர்களுக்குப் பத்து மணி வகுப்பு போய்ச் சேரும். மிஞ்சிய திங்கட்கிழமை எட்டு மணி, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி எல்லாம் யாருக்கு? பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு நேராக வருகிறவருக்கு. 1972இல் தொடங்கிய அந்தத் தொழிற்பேட்டை பினாங்கில் எத்தனையோ குடும்பங்களைக் கரையேற்றியது. அங்கே இரவு ஏழு முதல் காலை ஏழு வரை நின்றுவிட்டு, அடையாள அட்டை கழுத்தில் தொங்க எட்டு மணிக்கு வகுப்பில் உட்காரும் பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். இப்போது ஒவ்வொரு பாடத்திலும் நடுப்பகல் குழுவில் சில இடங்களை ஒதுக்கி வைக்கிறோம். வேலைச் சான்றோ, வீட்டு முகவரியோ காட்டினால் போதும். படிவம் ஒரே பக்கம். நிபந்தனைகளையும் அதிலேயே அச்சிட்டுவிட்டோம். யாரும் என் முகம் பார்த்துக் கெஞ்ச வேண்டியதில்லை.

அந்தக் கடைசி விஷயத்தை நான் பெரிதாக நினைக்கிறேன். முன்பெல்லாம் கட்டணத்தைத் தவணையாகக் கட்ட எங்கள் கல்லூரியில் வழி இருந்தது. ஆனால் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. கணக்குப் பிரிவில் அழுதால் கிடைக்கும். அழத் தெரியாதவருக்குக் கிடைக்காது. மிகச் சிறிய தொகை பாக்கி இருந்தாலும் தேர்வு நுழைவுச் சீட்டு நிறுத்தப்படும். அரசின் உயர்கல்விக் கடன் நிதியான பிடிபிடிஎன்னின் கடன் ஒப்பந்த ஆவணங்கள் எல்லாம் முடிந்து பணம் வந்து சேர வாரங்கள் ஆகும். தனியார் கல்லூரிக் கட்டணம் முழுவதையும் அது பெரும்பாலும் ஈடு செய்வதும் இல்லை. அந்த இடைவெளியில்தான் மாணவர்கள் விழுகிறார்கள். படிப்பில் தேறக்கூடிய பிள்ளை ஒரு கைப்பேசி விலைகூடப் பெறாத தொகைக்காக ஒரு பருவத்தை இழப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது கொடுமை.

அமெரிக்காவில் அட்லாண்டா நகரில் உள்ள ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் இதே பிரச்சினைக்கு 2011இல் ஒரு வழி கண்டது. சிறு பாக்கிக்காகப் பெயர் நீக்கப்படவிருந்த மாணவர்களைப் பல்கலைக்கழகமே கண்டுபிடித்து, அவர்கள் விண்ணப்பிக்காமலேயே அந்தப் பாக்கியை அடைத்தது. நான் இதைப் படித்தபோது என்னை நிறுத்திய விஷயம், விண்ணப்பமே இல்லை என்பதுதான். எங்களிடம் அவ்வளவு நிதி இல்லை. அதனால் நாங்கள் செய்தது சிறிய வேலை. தேர்வுக்கு ஒரு மாதம் முன்பே கணக்குப் பிரிவிடமிருந்து சிறு பாக்கி உள்ளவர்களின் பட்டியலை வாங்கி, ஒவ்வொருவரையும் நாங்களே அழைக்கிறோம். தவணை ஒப்பந்தப் படிவம் தயாராக இருக்கும். கையெழுத்துப் போட்டால் நுழைவுச் சீட்டு. இந்தப் பேச்சை நான் எப்போதும் தனி அறையில் வைத்துக்கொள்கிறேன். நண்பர்கள் நடுவில் பாக்கித் தொகையைச் சொன்னால் அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு நம் பக்கம் திரும்பியே பார்க்காது.

பணமும் மதிப்பெண்ணும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதைப் பெற்றோர் பலர் அறிவதில்லை. தேர்ச்சிச் சராசரி 2.00க்குக் கீழே போனால் பிடிபிடிஎன் அடுத்த தொகையை நிறுத்தி வைக்கும். பணம் நின்றால் பிள்ளை கூடுதல் ஷிப்ட் எடுக்கும். கூடுதல் ஷிப்ட் எடுத்தால் சராசரி இன்னும் இறங்கும். இந்தச் சுழலில் நுழைந்தவரை வெளியே இழுப்பதைவிட, நுழையவிடாமல் தடுப்பது பல மடங்கு எளிது. ஆகவே தேர்வு முடிவுக்காக நாங்கள் காத்திருப்பதில்லை. மூன்றாவது வாரத்திலேயே வருகையையும், முதல் இடுபணி (அசைன்மென்ட்) வந்ததா என்பதையும் பார்க்கிறோம். வராதவருக்கு நான் அனுப்பும் புலனச் (வாட்ஸ்அப்) செய்தியில் கண்டிப்பு இருக்காது. "தம்பி, இரண்டு வகுப்புகளில் உங்களைக் காணவில்லை. பஸ் பிரச்சினையா, வேலையா, உடம்பா? நாளை பன்னிரண்டு மணிக்கு வர முடியுமா?" என்று மட்டும் எழுதுவேன். காரணங்களை நாமே எடுத்துக் கொடுத்தால் பதில் வருகிறது. "ஏன் வரவில்லை" என்று மொட்டையாகக் கேட்டால், "சாரி மிஸ்" என்பதோடு முடிந்துவிடுகிறது.

மலாய்மொழிப் பாடத்தையும் சொல்லிவிடுகிறேன். எஸ்பிஎம்மில் மலாய்மொழியில் கிரெடிட் எனும் நல்ல தேர்ச்சி எடுக்காத உள்நாட்டு மாணவர்கள் கல்லூரியில் பஹாசா கெபாங்சான் ஏ என்ற பாடத்தை முடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் மற்ற எல்லாவற்றிலும் தேறினாலும் பட்டம் கிடைக்காது. கடைசிப் பருவத்தில், பட்டமளிப்பு விழா உடைக்குப் பணம் கட்டிய பிறகு, இதைத் தெரிந்துகொண்டு இடிந்துபோய் உட்கார்ந்தவர்கள் உண்டு. இப்போது சேர்க்கை நாளிலேயே எஸ்பிஎம் சான்றிதழைப் பார்த்து முதல் ஆண்டிலேயே பதிந்துவிடுகிறோம். அரை மணி நேர வேலை.

படிப்புக்கு வருவோம். கணக்கியலிலும் புள்ளியியலிலும் தோல்வி அதிகம். "அடிப்படை போதாது, ஆர்வமில்லை, வீட்டில் ஆதரவில்லை" என்று ஆசிரியர் அறையில் பேசுவார்கள். ஏறக்குறைய இதே சொற்களை 1970களில் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் கேட்டார். அப்போது அவர் ஆய்வு மாணவர். கருப்பின மாணவர்கள் நுண்கணிதத்தில் ஏன் இவ்வளவு தோற்கிறார்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டால் ஊக்கக் குறைவு, அடிப்படைக் குறைவு, குடும்பம், வறுமை என்றார்கள். அவர் மாணவர்களோடு கூடவே இருந்து பார்த்தார். அந்தக் காரணங்கள் பொருந்தவில்லை. அந்த மாணவர்கள் கடுமையாக உழைத்தார்கள், ஆனால் தனியாக உழைத்தார்கள். நன்றாகத் தேறிய சீன வம்சாவளி மாணவர்களோ சேர்ந்து உட்கார்ந்து, விடைகளை ஒப்பிட்டு, ஒருவர் தவறை ஒருவர் திருத்திப் படித்தார்கள். ட்ரைஸ்மன் அதன் பிறகு நடத்திய பட்டறைகளில் எளிய பாடத்தைத் திரும்ப நடத்தவில்லை. கடினமான கணக்குகளைக் கொடுத்துக் குழுவாகப் போடச் சொன்னார். முடிவுகள் தலைகீழாக மாறின.

இதைப் படித்துவிட்டு எங்கள் உணவகத்தைக் கவனித்தேன். நம் பிள்ளைகள் ஒரே மேசையில் சேர்ந்து சாப்பிடுகிறார்கள், சிரிக்கிறார்கள், ஒரே பஸ்ஸில் போகிறார்கள். படிப்பது மட்டும் தனித்தனியே. தெரியாததைத் தோழனிடம் காட்டுவது மானப் பிரச்சினை. ஆகவே தேறாதவர்களுக்கான துணைப்பாட வகுப்பு என்று ஒட்டியிருந்த அறிவிப்பை எடுத்துவிட்டோம். அதற்கு யாரும் வரவில்லை என்பதில் வியப்பே இல்லை. புதன்கிழமைகளில் ஓர் அறையைத் திறந்து, இறுதித் தேர்வில் வரக்கூடிய மிகக் கடினமான கணக்குகளில் மூன்றை மேசையில் வைத்தோம். நால்வர் சேர்ந்தால்தான் உட்காரலாம். முதல் வகுப்பு வாங்குகிறவரும் வரலாம், போன பருவம் தோற்றவரும் வரலாம். நான் விடை சொல்வதில்லை. தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் ஒரே நேரத்தில் வாக்குவாதம் நடக்கும். தேய்மானத்தை எந்தப் பக்கம் எழுதுவது என்று ஒரு சீன மாணவருக்கும் தமிழ் மாணவிக்கும் மூண்ட சண்டை அறை பூட்டும் நேரம் தாண்டியும் ஓயவில்லை. இருவரும் அந்தத் தாளில் நன்றாகவே தேறினார்கள். அவர்கள் மறக்கவே மாட்டார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

"நீங்கள் உங்கள் ஆட்களுக்குத்தான் செய்கிறீர்கள்" என்ற பேச்சும் வந்தது. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. என் நிறத்தையும் மொழியையும் பார்த்துத் தமிழ் மாணவர்கள் கொஞ்சம் எளிதாக என்னிடம் வருகிறார்கள் என்பது உண்மை. அப்படியானால் ஒரு மலாய் மாணவிக்கோ, நேப்பாளத்திலிருந்து வந்தவருக்கோ நான் சற்றுத் தொலைவில் இருக்கிறேன் என்பதும் உண்மைதானே? அதனால் இரண்டு காரியங்கள் செய்தோம். யாரை அழைப்பது என்பதை முகம் பார்த்து முடிவு செய்யாமல், மூன்றாவது வாரப் பட்டியலை வைத்தே முடிவு செய்கிறோம். சீனியர் மாணவர்களைப் பல மொழிகளிலிருந்தும் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து அறையில் உட்கார வைக்கிறோம். தேர்வு நாட்காட்டி தயாராகும்போது தைப்பூசத்துக்கு மறுநாள் தேர்வு வைக்காதீர்கள் என்று நான் எழுதிக் கொடுக்கும் அதே கடிதத்தில், நோன்பு மாதத்தில் மாலை வகுப்புகளை நோன்பு துறக்கும் நேரத்துக்கு முன்பே முடியுங்கள் என்றும், சீனப் பெருநாளுக்கு ஊருக்குப் போய்த் திரும்ப அவகாசம் விடுங்கள் என்றும் இருக்கும். நம் பிள்ளைக்குக் கேட்பதை மற்றவர் பிள்ளைக்கும் சேர்த்துக் கேட்டால், அந்தக் கோரிக்கைக்குக் கூட்டத்தில் யாரும் முகம் சுளிப்பதில்லை. நம் பிள்ளைக்கும் அது உறுதியாகக் கிடைக்கிறது.

பெற்றோரிடமிருந்து வரும் தொலைபேசி அழைப்புகள் மனத்துக்கு நெருக்கமானவை, சங்கடமானவையும்கூட. "டீச்சர், என் மகன் ஒழுங்காக வருகிறானா? மார்க் எப்படி இருக்கிறது?" என்று ஓர் அம்மா கேட்கிறார். பின்னணியில் தையல் இயந்திரத்தின் சத்தம். அவர் உழைப்பில்தான் கட்டணம் வருகிறது. அவருக்கு உரிமை இல்லை என்று எந்த வாயால் சொல்வது? ஆனால் பிள்ளை வயது வந்தவர், அவர் அனுமதி இல்லாமல் விவரத்தைச் சொல்லக் கூடாது. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டித்தான் கல்லூரியும் எங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. "அம்மா, அவரையும் அழைத்துக்கொண்டு வாருங்கள், மூவரும் உட்கார்ந்து பேசுவோம்" என்று சொல்கிறேன். பெரும்பாலும் வருகிறார்கள். அந்த அறையில் பிள்ளையே தன் வாயால் மதிப்பெண்ணைச் சொல்ல வேண்டும் என்பது என் ஏற்பாடு. ஒரு மாணவன் தலை நிமிராமல், "இரண்டு பாடம் போய்விட்டது அம்மா" என்றபோது, அவர் திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். "இதைச் சொல்லவா இத்தனை நாள் சாப்பிடாமல் இருந்தாய்?" என்றார்.

எல்லாரையும் தேற வைத்துவிட முடியும் என்று நான் சொல்லவில்லை. கணக்கியலே ஒத்துவராத பிள்ளையை, குடும்ப மானத்துக்காக இன்னும் இரண்டு பருவம் கடன் வாங்கிப் படிக்க வைப்பது உதவியாகாது. தோல்விக்குப் பிறகும் கடன் கடனாகவே நிற்கும். அப்படிப்பட்டவரோடு உட்கார்ந்து பாலேக் பூலாவிலோ செபராங் பிறையிலோ உள்ள பாலிடெக்னிக் படிப்புகளைப் பார்ப்பேன். முடித்த பாடங்களில் எவற்றைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள் என்று விசாரித்துச் சொல்வேன். மாணவர் எண்ணிக்கை குறைவது எந்தத் தனியார் கல்லூரிக்கும் உவப்பாக இருக்காது. இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். பிள்ளையின் நலனும் கல்லூரியின் வருமானமும் எதிரெதிரே நிற்கும் இடத்தில் நாம் எந்தப் பக்கம் பேசுகிறோம் என்பதை மாணவர்கள் மிக விரைவில் கண்டுகொள்வார்கள். ஒருமுறை நம்பிக்கை போய்விட்டால் அந்த அறைக்கு எவரும் வரமாட்டார்கள்.

இந்த ஆண்டு கல்லூரியில் சேரவிருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு: முதல் வாரத்திலேயே பிள்ளையோடு உட்கார்ந்து, ஒரு பாடத்திலிருந்து அபராதமில்லாமல் விலகக் கடைசித் தேதி எது, பாக்கிக் கட்டணத்துக்குத் தவணை உண்டா, வருகைத் தடைக்கு மேல்முறையீடு யாரிடம் என்ற இந்த மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு என்று பிள்ளை தயங்கினால், நீங்களே பக்கத்தில் இருந்து முதல் மின்னஞ்சலை அனுப்ப வையுங்கள். முதல் கடிதம் போய்விட்டால் இரண்டாவது தானாகப் போகும்.

எங்கள் பக்கம் பாக்கி வேலை இருக்கிறது. தடை அறிவிப்பு வந்து மூன்று வேலை நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும் என்பது இன்றைய விதி. மருத்துவமனையில் அம்மாவோடு இருக்கும் பிள்ளைக்கும், முதலாளியிடம் சான்று வாங்கக் காத்திருக்கும் பிள்ளைக்கும் அது போதாது. அதைப் பத்து நாளாக்க வேண்டும், அறிவிப்பை மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் சேர்த்துக் கைப்பேசிக்கே அனுப்ப வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். கல்விக் குழு அடுத்த மாதம் கூடுகிறது. கடந்த நான்கு பருவங்களில் காலக்கெடு தாண்டி வந்ததால் மட்டும் நிராகரிக்கப்பட்ட மனுக்களைத் திரட்டிக்கொண்டிருக்கிறேன். அவற்றில் எத்தனை மாணவர்கள் திரும்பவே வரவில்லை என்பதையும் பக்கத்திலேயே குறித்து வைக்கிறேன்.